பழைய வேலையில் நடந்த தகராறு போலீஸ் வெரிஃபிகேஷனில் வருமா?

கேள்வி இதுதான். தம்பி ஒருவர் திருப்பூரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை பார்த்திருக்கிறார். கணக்கில் 18,000 ரூபாய் குறைகிறது என்று சொல்லி வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். மேனேஜர் ஸ்டேஷனில் புகார் கொடுக்க, விசாரணைக்குக் கூப்பிட்டு, வீட்டில் பணத்தைக் கட்டி முடித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு, மறுநாளிலிருந்து போகவில்லை. இப்போது இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெயர் வந்திருக்கிறது. "இந்த இரண்டு வேலையையும் படிவத்தில் எழுதாமல் விட்டுவிடலாமா? எழுதினால் வேலை போய்விடுமா?" என்று கேட்கிறார்.

எழுதாமல் விடாதீர்கள் தம்பி. உங்களை வேலையை விட்டு எடுத்தது ஒரு பெரிய தடை இல்லை. அதை மறைத்தால்தான் தடை ஆகும். ஆனால் இதில் ஒரு விஷயத்தை நீங்கள் உடனே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருப்பூர் ஸ்டேஷனில் அன்றைக்கு என்ன பதிவு செய்தார்கள் என்பதுதான் அது. உங்கள் விஷயம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐ.டி. கம்பெனிகளில் சேரும்போது பழைய கம்பெனி எச்.ஆருக்கு ஃபோன் போட்டு, ஏன் போனார், எப்படி வேலை செய்தார், ரிலீவிங் லெட்டர் உண்மையா என்று விசாரிக்க ஒரு ஏஜென்சி இருக்கும். பலரும் போலீஸ் வெரிஃபிகேஷனையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்வை நடத்தித் தற்காலிகப் பட்டியல் வெளியிடுவதோடு அதன் வேலை ஏறக்குறைய முடிந்தது. அதற்குப் பிறகு நியமன அதிகாரி, அதாவது எஸ்.பி., கமிஷனர், பட்டாலியன் கமாண்டன்ட் என யாரிடம் உங்கள் பெயர் போகிறதோ அவர்தான் நன்னடத்தையும் முன்வரலாறும் சரிபார்க்க உத்தரவு போடுகிறார். தனிப்பிரிவுக் காவலர் ஊருக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். குற்ற ஆவணக் காப்பகத்தில் பெயரைத் தேடுவார்கள். நாடு முழுக்கக் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். இருப்பதால், வெளியூரில் போட்ட எஃப்.ஐ.ஆர். யாருக்கும் தெரியாது என்று நினைத்த காலம் போய்விட்டது.

அப்புறம், சொந்த ஊர் ஸ்டேஷன் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். மத்தியப் படைகளும் டெல்லி போலீசும் பயன்படுத்தும் சான்றுரைப் படிவத்தில் (அட்டெஸ்டேஷன் ஃபார்ம்), கடந்த 5 வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிய எல்லா இடத்தையும் எழுதச் சொல்கிறார்கள். வேலைக்காகப் போய்த் தங்கிய திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அதில் வந்துவிடும். அந்தந்த ஸ்டேஷனிலிருந்து பதில் அறிக்கை வரும். பழைய முதலாளியிடம் யாரும் பேசாமல் இருக்கலாம். அவர் போய் நின்ற ஸ்டேஷன் பேசும்.

இனி விதிக்கு வருவோம். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. நியமனத்துக்கு வருபவரின் நன்னடத்தையும் முன்வரலாறும் பணிக்குத் தகுந்தவை என்று நியமன அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் அவர் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது. 2003-இல் இதற்குச் சேர்த்த விளக்கம்தான் கடுமையானது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால், அதாவது கோர்ட்டில் தன் புகாரையே மாற்றிச் சொன்னதால் விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். வெரிஃபிகேஷன் நேரத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்து, பிறகு கௌரவமான விடுதலை கிடைத்தாலோ, தவறான தகவல் என்று போலீசே முடித்துவிட்டாலோ, சம்பந்தப்படாதவராகக் கருதுவார்கள். ஆனால் வேலை கேட்க அடுத்த தேர்வில்தான் கலந்துகொள்ள முடியும். வயது வரம்பின் ஓரத்தில் நிற்பவருக்கு அடுத்த தேர்வு என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008-இல் மணிகண்டன் வழக்கில் இந்த விதியை ஏற்றுக்கொண்டது.

இந்த விதியில் 'வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்' என்ற பேச்சே இல்லை, கவனியுங்கள். தனியார் கம்பெனி உங்களை எடுத்தது, நீங்களாக நின்றது, இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டை முறித்தது, அப்ஸ்காண்டிங் (சொல்லாமல் நின்றுவிட்டார்) என்று மெயில் வந்தது, ரிலீவிங் லெட்டர் தராதது, இவை எதுவும் குற்ற வழக்கு இல்லை. பாண்ட் பணம் கேட்டு வரும் வக்கீல் நோட்டீஸ் சிவில் சமாச்சாரம். ஓசூர் விஷயம் வாய்த்தகராறோடு நின்றிருந்தால் அதற்காக நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். தொழிற்சாலை வாசலில் கைகலப்பு என்று யாராவது புகார் கொடுத்தார்களா? 294(பி), 323, 506 என்று, அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது என்று, பழைய தண்டனைச் சட்டத்தில் மூன்று பிரிவைச் சேர்த்து எழுதிய எஃப்.ஐ.ஆர். நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். சம்பள உயர்வு கேட்டு வாசலில் உட்கார்ந்த தொழிலாளர்கள் மேல் கூட்டமாகப் போடும் வழக்கிலும் அப்படித்தான். உங்களுக்கே தெரியாமல் பட்டியலில் ஏழாவது பெயராக இருந்துவிடலாம்.

வேலைத் தகராறு குற்ற வழக்காக மாறும் இடங்கள் சில உண்டு. வசூல் பணம், கல்லாப் பணம், ஸ்டாக் குறைவு என்றால் ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி; பழைய சட்டத்தில் 408, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(4). பொருளை எடுத்ததாகச் சொன்னால் ஊழியர் திருட்டு. பழைய 381, இப்போது 306. இரண்டுக்கும் 7 வருடம் வரை தண்டனை உண்டு. போலி அனுபவச் சான்றிதழ் கொடுத்து மாட்டினால் மோசடி, போலி ஆவணம். இந்த மாதிரிப் பிரிவுகள் காவல் வேலைக்கு வருபவர் மேல் இருந்தால் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பணத்தையும் பறிமுதல் பொருளையும் கையாளும் வேலை அது.

இப்போது உங்கள் திருப்பூர் விஷயம். மேனேஜர் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். மட்டும் போட்டார்களா, எஃப்.ஐ.ஆர். போட்டார்களா? சி.எஸ்.ஆர். என்பது மனு ஏற்பு ரசீது. மனு வந்தது, விசாரித்தோம் என்பதற்கான பதிவு. அது குற்ற வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அது வழக்கு. 'பணம் கட்டியாச்சு, முடிஞ்சுது, போப்பா' என்று ஸ்டேஷனில் வாயால் சொன்னதை வைத்து எஃப்.ஐ.ஆர். முடிந்துவிடாது. அது நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். சமாதானம் ஆகியிருந்தாலும், நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி முடித்திருக்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்திருக்க வேண்டும். அப்படிச் சமாதானமாக முடிந்ததையும் முழுச் சுத்தம் என்று நியமன அதிகாரி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. டெல்லி போலீஸ் சம்பந்தப்பட்ட மெஹர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொன்னது.

சி.எஸ்.ஆரோடு முடிந்திருந்தாலும் இன்னொரு தாள் இருக்கிறது. ஸ்டேஷனில் உங்களிடம் எழுதி வாங்கியிருப்பார்கள். அதில் என்ன எழுதினீர்கள்? 'கணக்கில் வித்தியாசமாக வந்த ரூ.18,000-ஐச் செலுத்திவிட்டேன்' என்று இருந்தால் அது ஒரு கணக்குத் தகராறு. 'நான் எடுத்துச் செலவு செய்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்' என்று இருந்தால் அது ஒப்புதல் மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் அழுகிறார்கள், எப்படியாவது வெளியே போனால் போதும் என்று இருக்கும். எனக்கு அது புரிகிறது. ஆனால் விசாரணை அறிக்கை எழுதும் அதிகாரி கையில் அந்தத் தாள்தான் இருக்கும். நீங்கள் அதை ஒருமுறை படிக்காமல் படிவத்தை நிரப்பாதீர்கள்.

இன்னொரு ஆபத்தான அறிவுரை உலவுகிறது, உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன கேஸ்தானே, கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வா, ஒரே நாளில் முடிந்துவிடும் என்பார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை பெற்ற தீர்ப்பு. 500 ரூபாயோ 1,000 ரூபாயோ, தொகை சின்னதாக இருப்பதால் தண்டனை இல்லாமல் போகாது. சான்றுரைப் படிவம் கைதானீர்களா என்று கேட்பதோடு நிறுத்தாது. வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டிக்கப்பட்டீர்களா, தேர்வு எழுதத் தடை விதிக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். காவலர் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையன் எந்தப் பெட்டி கேஸிலும் ஒரு வக்கீலைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளக் கூடாது.

மறைப்பது பற்றி. அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016-இல் கொடுத்த தீர்ப்புதான் இன்றைக்கும் அடிப்படை. அதில் உங்களுக்குத் தேவையான சில விஷயங்கள் இருக்கின்றன. தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், எதையும் விடக் கூடாது. அற்பமான விஷயத்தை மறைத்திருந்தால், இளவயதில் கோஷம் போட்டது போன்றதென்றால், அதிகாரி மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டாலே வேலை தந்தாக வேண்டும் என்றும் இல்லை. சொன்ன விஷயத்தின் தன்மையை எடைபோட அதிகாரிக்கு உரிமை உண்டு. அப்புறம் முக்கியமான ஒன்று: மறைத்தார் என்று ஒருவர் மேல் பழி போட வேண்டுமானால், படிவத்தில் அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று நிராகரிக்க முடியாது. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, 'கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், சி.எஸ்.ஆர். வழக்கே இல்லையே' என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி சரி. 'குற்ற வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு, எஃப்.ஐ.ஆர். இல்லை என்று உறுதியானால், 'இல்லை' என்பது உண்மையான பதில்தான். ஆனால் திருப்பூர் ஸ்டேஷன் அறிக்கையில் அந்த மனு விவரம் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வாயிலிருந்து வராமல் அங்கிருந்து முதலில் தெரிந்தால், எழுத்தில் பொய் சொல்லாவிட்டாலும், அதிகாரியின் திருப்தி என்ற இடத்தில் அடிபடும். 'இல்லை' என்று எழுதி, கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் இணையுங்கள் என்பேன். மாதிரிக்கு:

"என் மீது குற்ற வழக்கு எதுவும் பதிவு செய்யப்படவில்லை. நான் முன்பு பணியாற்றிய நிறுவனம் வசூல் கணக்கு வித்தியாசம் குறித்துக் கொடுத்த மனு மீது, இன்ன காவல் நிலையத்தில் இன்ன மனு ஏற்பு எண்ணில் விசாரணை நடந்து, இன்ன தேதியில் முடிக்கப்பட்டது. நகல் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். மேனேஜர் எப்படிப்பட்டவர், உங்களை எப்படி ஏமாற்றினார் என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். தனிப்பிரிவுக் காவலர் வீட்டுக்கு வந்து கேட்டாலும் இதையே சொல்லுங்கள். அம்மாவும் அப்பாவும் 'எங்க பையன் திருப்பூருக்கே போனதில்லை' என்று பதறிப்போய்ச் சொல்லிவிடாமல் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மறைத்தும் தப்பித்தவர்கள் இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ரவீந்திர குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வருக்கு நியமனம் தரச் சொன்னது. அவர் விண்ணப்பித்தபோது வழக்கே இல்லை; பிறகு ஒரு வழக்கு வந்து, விடுதலையும் ஆகிவிட்டார். பிரமாணப் பத்திரத்தில் அதைச் சொல்லவில்லை. அவருடைய ஸ்டேஷனே அவர் நல்லவர் என்று அறிக்கை கொடுத்திருந்தது. அப்படிப்பட்டவருக்கும் நியாயம் கிடைத்தது 2004-இல் விண்ணப்பித்து 20 வருடம் கழித்து. ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கோர்ட் அலைச்சல் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரியை எழுதாததுதான் அவர் மேல் வைத்த குற்றச்சாட்டு.

முந்தைய வேலை அரசு வேலையாக இருந்தால் கதை மாறும். மத்தியப் படிவத்தில் பழைய வேலைகள், தேதிகள், விட்ட காரணம் எல்லாம் கேட்பார்கள். அதோடு, நோட்டீஸ் கொடுத்து அரசு வேலையை விட்டபோது உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை நடந்துகொண்டிருந்ததா, ஏதாவது விஷயத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்களா என்றும் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. மெமோவுக்குப் பயந்து ராஜினாமா செய்தவர்களைப் பிடிக்கவே வைத்த கேள்வி அது. மத்திய விதிகளின்படி ரிமூவல் என்ற தண்டனை பெற்றவர் மறுபடி அரசு வேலைக்கு வரலாம். டிஸ்மிசல் பெற்றவருக்குப் பொதுவாகக் கதவு மூடியது. கையில் இருக்கும் உத்தரவில் எந்தச் சொல் இருக்கிறது என்று தெரியாமலேயே பலர் 'வேலையை விட்டு எடுத்துட்டாங்க' என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இப்போது அரசு வேலையில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்று இல்லாமல் விண்ணப்பித்துவிட்டு மாட்டிக்கொள்வது தனிக்கதை.

இந்த முறை முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர் வெரிஃபிகேஷன் எஃப்.ஐ.ஆரைத் தேடுகிறது, ஆள் எப்படி வேலை செய்தார் என்று தேடுவதில்லை. ஊர்ச் சண்டையில் 'மற்றும் சிலர்' என்ற வரிக்குள் வந்துவிட்ட பையன், சாட்சி சொல்ல யாரும் வராமல் விடுதலையானால் காலம் முழுக்கச் சம்பந்தப்பட்டவன். செக்யூரிட்டி வேலையில் கீழே இருப்பவர்களை அடித்துப் பழகியவர், யாரும் புகார் கொடுக்கத் துணியாததால், சுத்தமாக உள்ளே வந்துவிடலாம். துப்பாக்கியையும் லத்தியையும் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் பழைய வேலையைத் தோண்டிப் பார்ப்பதுதான் காவலர் பின்னணி விசாரணையின் மையம். கலிஃபோர்னியாவில் பழைய முதலாளி, விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட ஒப்புதலோடு காவல் துறை கேட்டால், தகவல் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கேயும் தோண்டாமல் விட்டதற்கு உயிர்கள் போயிருக்கின்றன. 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டமீர் ரைஸைச் சுட்டுக் கொன்ற திமோதி லோமன், அதற்கு முன் இண்டிபெண்டன்ஸ் என்ற சிறிய ஊரின் போலீசில் பயிற்சியிலேயே தேறாமல் ராஜினாமா செய்தவர். துப்பாக்கிப் பயிற்சியில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி மேலதிகாரி எழுதிய குறிப்பு கோப்பில் இருந்தது. கிளீவ்லாந்து அந்தக் கோப்பைப் பார்க்கவே இல்லை. 2017-இல் அவர் வேலை போனதும் சுட்டதற்காக இல்லை. விண்ணப்பத்தில் பழைய வேலை பற்றிப் பொய் சொன்னதற்காக. இல்லினாயில் 2024-இல் தன் வீட்டுக்குள் சோனியா மாஸி சுடப்பட்டு இறந்த பிறகு, சுட்ட துணை ஷெரிஃப் சில வருடங்களுக்குள் ஆறு காவல் துறைகள் மாறி வந்தவர் என்பது வெளியே வந்தது. பழைய பணிக்கோப்புகளைப் பார்த்தாக வேண்டும் என்று அந்த மாநிலம் 2025-இல் சட்டம் போட்டது. அந்த மாதிரி விசாரணை இங்கே வந்தால் உங்கள் ஓசூர் சண்டையையும் கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்ல முடிகிற கேள்விதானே அது.

சரி, நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கவும் சி.எஸ்.ஆர். நிலை பார்க்கவும் வசதி இருக்கிறது. ரசீது எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வகை எஃப்.ஐ.ஆர். அதில் ஏற்றப்படாது, மற்றவை 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஏற்றப்படும். இ-கோர்ட்ஸ் தளத்தில் திருப்பூர், கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் உங்கள் பெயரைத் தேடுங்கள், இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு. பிறகு நேரில் ஸ்டேஷனுக்குப் போய் மனு முடிக்கப்பட்டதன் நகலையும், நீங்கள் எழுதிக் கொடுத்ததன் நகலையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும், அதனால் முதலில் நேரில். வேலைக்குச் சேர்ந்த தேதி, நின்ற தேதி இரண்டையும் ஞாபகத்திலிருந்து எழுதாமல் பி.எஃப். யு.ஏ.என். கணக்கில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதாமல், 'நிறுவனம் பணியிலிருந்து விடுவித்தது' என்று உள்ளதை எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கொடுப்பதற்கு முன் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்று தெரிய வந்தால் மட்டும், படிவத்தைத் தொடுவதற்கு முன் சர்வீஸ் வழக்கு பார்க்கும் வக்கீலிடம் போங்கள். ரத்து கேட்பதா, வழக்கை நடத்துவதா என்பது பிரிவையும் குற்றப்பத்திரிகையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்படி இருந்தாலும் படிவத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடத்தான் வேண்டும். நியமனம் மறுத்தால் காரணத்தோடு எழுத்து மூலமான உத்தரவு கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அந்த உத்தரவுதான் தேவைப்படும், தாமதித்தால் காலியிடம் நிரம்பிவிடும்.